கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் முன் வண்டியைப் பேசி வையுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிப் பொழிமுகத்தை ஒட்டிய கரையில் நாங்கள் முதன்முறை பிளாஸ்டிக் பொறுக்கிய அன்று பதினெட்டுச் சாக்குகள் நிரம்பின. ஆனால் அவற்றை ஏற்றிச் செல்ல எவரும் வரவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது நாய்கள் பாதிச் சாக்குகளைக் கிழித்திருந்தன. உள்ளிருந்தவை காற்றில் பறந்து மீண்டும் அலையோரத்திற்கே போயிருந்தன.

ஆகவே முதல் வேலை, ஊராட்சி அலுவலகத்தில் நாளையும் நேரத்தையும் சொல்லி வண்டிக்கு உறுதி பெறுவது. தண்ணீர் பாட்டில்களை ஆக்கர் கடையில், அதாவது பழைய பொருள் வாங்கும் கடையில், எடுத்துக்கொள்வார்கள். மினுமினுக்கும் தின்பண்ட உறைகளை எடுக்கமாட்டார்கள். இரண்டையும் கரையிலேயே தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

இரண்டாவது, நேரம். விடியற்காலையில் கடல் வற்றியிருக்கும் நாளே சிறந்தது. கையுறையும் தடித்த அடியுள்ள செருப்பும் கட்டாயம்.

மூன்றாவதான மணல்தான் எங்களை முறியடித்தது. ஈர மணல் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரச் சாக்கில் திணித்தால் இருவர் சேர்ந்தும் தூக்க முடிவதில்லை; இழுத்தால் சாக்கின் அடி பிய்ந்து, அதன் நார்களே புதுக் குப்பையாகின்றன. மீனவர் ஒருவர் சொன்னபடி, கழித்துப் போட்ட பழைய வலையை வெட்டிப் பையாகத் தைத்தோம். ஒரு விரல் மட்டும் நுழையும் கண்ணியுள்ள வலை போதும். இரண்டு உலுக்கில் மணல் கொட்டிவிடும், பாட்டில் மூடிகள் உள்ளேயே நிற்கும். கடையில் விற்கும் கறுப்புக் குப்பைப் பைகளை நான் தொடுவதே இல்லை.

மணலில் புதைந்த வலையையும் தங்கூஸ் நரம்பையும் (நைலான் தூண்டில் இழை) வெறுங்கையால் இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். சுற்றிலும் தோண்டி, வெளிவந்த அளவைக் கத்தியால் அறுத்தெடுங்கள். காய்வதற்காக விரித்த நல்ல வலையைக் குப்பையென்று நாங்கள் சுருட்டத் தொடங்கி வசை வாங்கியதும் உண்டு. கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

இனி வீட்டுப் பக்கம். பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவாயினும், தடை உண்டு. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. ஆயினும் மீன் வாங்கும் இடத்தில் மட்டும் கவர் விடாமல் தொடர்வதன் காரணம் எளிது: துணியாலான மஞ்சப்பையில் சாளை மீனை வாங்க முடியாது. ஓலைப்பெட்டி அழகானதுதான், ஆனால் மீன் நீர் சொட்டிக்கொண்டே வரும். என் தேர்வு எவர்சில்வர் தூக்குவாளி; பிளாஸ்டிக் டப்பாவில் ஏறும் கவுச்சி இதில் தங்குவதில்லை. விலை பேசும் முன்பே வாளியை நீட்டி, “கவர் வேண்டாம் அக்கா, இதில் போடுங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். பேரம் முடிந்தபின் சொன்னால், கூறு அதற்குள் கவருக்குள் விழுந்திருக்கும்.

பின்சேர்க்கை: இருசக்கர வண்டியில் வாளி கவிழ்ந்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தனர். கொக்கி போட்டு இறுக்கும் மூடியுள்ள வாளியாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிடில், மூடியின் மேல் பழைய துண்டைச் சுற்றிக் கட்டி, கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். நான் ஓராண்டாக அப்படித்தான் கொண்டுவருகிறேன்.