விண்மீன் கொத்துகள்: பக்கத்தில் தெரிந்தால் சொந்தமா?

காசிமேட்டில் இரவில் கடலைப் பார்த்தால், கரைக்கு வரும் விசைப்படகின் விளக்கும் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலின் விளக்கும் ஒட்டினாற்போலத் தெரியும். வானமும் அப்படித்தான். அடுத்தடுத்துத் தெரிகிற விண்மீன்களை ஒரே கூட்டம் என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

ரோகிணியைப் பாருங்கள். அதையொட்டித் தெரியும் சிறு மீன்கள் ஹையடிஸ் என்ற கொத்து. தொலைவு சுமார் 150 ஒளியாண்டு. ரோகிணி இருப்பதோ 65 ஒளியாண்டில். அந்தக் கொத்தில் அதற்குச் சேர்த்தியே இல்லை. சற்றுத் தள்ளியிருக்கும் கார்த்திகையும் அசல் கொத்துதான். ஒரே வாயு மேகத்தில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், சுமார் 10 கோடி ஆண்டுகளாகச் சேர்ந்தே நகர்கின்றன. ஆறு எண்ணியதும் நிறுத்திவிடாதீர்கள். ஜனவரி முன்னிரவில் வியாசர்பாடி மொட்டைமாடியில் நின்றாலும், ஏறக்குறைய உச்சியில் இருக்கும் அதைச் சாதாரண பைனாகுலரில் பாருங்கள். இன்னும் எத்தனையோ மீன்கள் தெரியும்.

அப்புறம், எல்லாக் கொத்தும் ஒரே வகை என்று நினைக்கக் கூடாது. கார்த்திகை போன்ற திறந்த கொத்துகள், நம் விண்மீன் மண்டலமான பால்வீதியின் தட்டையான பகுதியில் பிறந்து, மெல்ல மெல்லக் கலைந்துபோகிறவை. கோளக் கொத்துகள் லட்சக்கணக்கான விண்மீன்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கிழங்கள். பலவற்றின் வயது 1000 கோடி ஆண்டுக்கும் மேல். அவை தனுசு ராசிப் பக்கமே அதிகம் குவிந்திருப்பதை வைத்துத்தான் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி 1918-இல், பால்வீதியின் நடு அந்தப் பக்கம் இருக்கிறது, சூரியன் அங்கே இல்லை என்று காட்டினார். அவற்றில் பெரியதான ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே தாழ்வாக வரும். வடசென்னைக்குத் தெற்கில் மொத்த நகரத்தின் வெளிச்சமும் இருப்பதால், தண்டையார்பேட்டையில் நின்று அதைத் தேடாதீர்கள்.

திறந்த கொத்துகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடப்பவை என்பதும் சரியில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கையா விண்கலம் அளந்த தொலைவையும் வேகத்தையும் வைத்து, கொத்துகள் வந்த பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். சூரியனிலிருந்து சுமார் 3,300 ஒளியாண்டுக்குள் உள்ள 272 இளம் கொத்துகளில் 155, மூன்றே மூன்று பிறப்பிடங்களிலிருந்து வந்தவை என்று 2024-இல் தெரிந்தது. அப்படி ஒரே இடத்தில் பிறந்த குடும்பங்களில் ஒன்றுக்கு, மெசியர் என்பவரின் பட்டியலில் 6-ஆவதான மெசியர் 6 கொத்தின் பெயர்.

மே மாத இரவில் திருவொற்றியூர் கரையில் நின்று, தென்கிழக்கே விருச்சிகத்தின் வாலருகே பைனாகுலரைத் திருப்பினால் மெசியர் 6 கிடைக்கும். பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக மெசியர் 7. இரண்டையும் இரட்டையர் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னது சுமார் 1,600 ஒளியாண்டில் இருக்கிறது, பின்னது 1,000-க்குள்ளேயே.