புதிய ஜிடிஐ-யா, பழைய எம்340ஐ-யா? வேகமான கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டுவதற்கு உற்சாகம் தரும் காருக்காக அறுபது லட்ச ரூபாய்க்கு மேலும் செலவிடத் தயாராக இருப்பவர், இன்று பெரும்பாலும் இரண்டு தேர்வுகளுக்கு நடுவே தயங்கி நிற்கிறார். ஒன்று, 2025 மே மாதம் 52.99 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவில் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. முழுமையாக இறக்குமதி செய்யப்படும் இந்தக் காரின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின் 265 குதிரைத்திறன் தருகிறது. மற்றொன்று, சில ஆண்டுகள் ஓடிய பிஎம்டபிள்யூ எம்340ஐ. 2021 மார்ச்சில் 62.90 லட்ச ரூபாய்க்கு அறிமுகமாகி, சென்னைக்கு அருகிலுள்ள அந்நிறுவனத்தின் ஆலையிலேயே ஒருங்கிணைக்கப்பட்ட இந்தக் காரில் 387 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடிகளில் எட்டிவிடுகிறது. புதிய ஜிடிஐ-யின் ஆன்-ரோடு விலையை விடக் குறைவாகவே பழைய எம்340ஐ பெரும்பாலும் கிடைத்துவிடுவதால், தாளில் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். தவறுகள் தொடங்குவது அங்கேதான்.

முதல் தவறு, இரண்டு விலைகளை மட்டும் அருகருகே வைத்து முடிவெடுப்பது. ஒரு கார் பழையதாகும்போது அதன் விற்பனை விலை குறைகிறதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. எம்340ஐ-யின் பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், முகப்பு விளக்கு எதுவாயினும், காரைப் புதிதாக வாங்கியவர் கொடுக்கும் அதே தொகையைத்தான் இரண்டாவது உரிமையாளரும் கொடுக்க வேண்டும். பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் ஒரு செட்டுக்கே லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகிவிடும். ஆகவே, கையில் உள்ள மொத்தப் பணத்துக்கும் பழைய காரை வாங்கிவிடுபவர் ஓராண்டுக்குள் திணறுகிறார். வாங்கும் விலையில் குறைந்தது 15 சதவீதத்தைத் தனியே ஒதுக்கி வைக்க முடியாதவர் பழைய பெர்ஃபார்மன்ஸ் காரின் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய காருக்கான வங்கிக் கடனுக்கு வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

புதிய கார் பக்கமும் இதே அளவு தவறான கணக்கு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம்; ஜிடிஐ போன்ற காருக்கு அது மட்டுமே பத்து லட்சத்தை ஒட்டி வரும். காரை விற்கும்போது இந்தத் தொகையை யாரும் முழுமையாகத் திருப்பித் தரப்போவதில்லை. இரண்டே ஆண்டுகளில் காரை மாற்றிவிடும் பழக்கமுள்ளவருக்குப் புதிய இறக்குமதிக் காரை விட இழப்பு தரும் தேர்வு வேறில்லை. ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவருக்கோ அதே வரி பெரிய சுமையாகத் தெரியாது. எத்தனை ஆண்டுகள் வைத்திருப்போம் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளாமல் ஷோரூமுக்குள் நுழைவதைத்தான் புதிய கார் வாங்குவோரின் பெரிய தவறாக நான் கருதுகிறேன். சிறு தொகுதிகளாக இறக்குமதியாகும் காரின் பம்பரோ கண்ணாடியோ உடைந்தால் மாற்றுப் பாகம் வர எத்தனை நாளாகும் என்பதையும் முன்பணம் கட்டும் முன்பே சர்வீஸ் பிரிவினரிடம் கேட்டுவிட வேண்டும். விற்பனைப் பிரிவினர் சொல்லும் பதிலும் சர்வீஸ் பிரிவினர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது.

பழைய காரைப் பொறுத்தவரை, ஏமாற்றத்துக்கு அதிகம் இடமிருப்பது எஞ்சினின் மென்பொருளில். எம்340ஐ-யில் உள்ள பி58 எஞ்சின் உறுதியானது. அதனாலேயே அதன் கணினியை ரீமேப் செய்து, அதாவது மென்பொருளை மாற்றியமைத்து, கூடுதல் சக்தி எடுப்பது கார் ஆர்வலர்களிடையே பரவலான வழக்கம். நல்ல கைகளால் செய்யப்பட்ட ரீமேப் உடனே தீங்கு செய்துவிடாது என்றாலும், அப்படி ஓடிய கார் எத்தனை முறை முழு விசையில் விரட்டப்பட்டது, கியர்பாக்ஸ் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியது என்பது வாங்குபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. விற்பதற்கு முந்தைய வாரம் பழைய மென்பொருளையே மீண்டும் ஏற்றிவிடுபவர்களும் உண்டு. ஆகவே எக்ஸாஸ்ட் பகுதியில், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டவுன்பைப்பின் போல்ட்டுகள் கழற்றப்பட்ட தடம் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டி நிறுவனத்துடையதுதானா என்று காரைத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்கேன் கருவியை இணைக்கும்போது பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றதும் மகிழ்ந்துவிடுவது இன்னொரு தவறு. எஞ்சின் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிவடையாத நிலையில் இருப்பதாகக் கருவி காட்டினால், குறியீடுகள் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கின்றன, அல்லது பேட்டரி கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சில நாட்கள் ஓடிய பிறகு மறுபடி சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பார்க்கப் போகும் நேரத்தை விற்பவரின் வசதிக்கு விட்டுவிடுவதும் தவறு. எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது எழும் ஒலியை நேரில் கேட்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு சக்கர விசையுள்ள காரில் முன் பின் டயர்கள் வெவ்வேறு நிறுவனத்தவையாகவோ தேய்மானத்தில் பெரிய வேறுபாடு உள்ளவையாகவோ இருந்தால், விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கப்படும்.

பெயர்ப்பலகையை நம்பி வாங்குவது வேடிக்கையான தவறாகத் தோன்றினாலும் நடக்கிறது. அதே வரிசையில் சக்தி குறைந்த மாடலான 330ஐ காரில் எம்340ஐ-யின் பேட்ஜையும் பம்பரையும் பொருத்திவிட்டால், பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆர்சி-யில் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்தால் போதும்: எம்340ஐ-க்கு 2998 சிசி, 330ஐ-க்கு 1998 சிசி. அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்கும் சர்வீஸ் வரலாறும், மீட்டர் காட்டும் கிலோமீட்டரும் ஒத்துப்போக வேண்டும்.

சென்னை வாசகர்களுக்கு வெள்ளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் விலையுயர்ந்த கார்கள் பல நீரில் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாக அறிவித்து ஏலத்தில் விடும் கார்கள் பழுதுபார்க்கப்பட்டு, தொலைவான ஊர்களில் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. அதேபோல் பிற நகரங்களில் மூழ்கியவை இங்கே வரவும் வழியுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைகளின் அடித் தண்டவாளத்தில் துரு, பின் டிக்கியின் தரைக்கு அடியில் மண் படிவு, வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். எம்340ஐ-யில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது. நீர் புகுந்த மின்னணுக் கருவிகளின் கோளாறு இரண்டு ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் மறப்பது, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் பயன்படுத்தும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டத்தை. பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி) வேண்டும், தமிழ்நாட்டின் வரியைக் காரின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும், முந்தைய மாநில வரியின் மீதியைத் திரும்பப் பெறத் தனியே அலைய வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் மலிவு என்று நினைத்த தொகையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

காப்பீட்டையும் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். தேய்மானம் கழிக்காத பாலிசி பல நிறுவனங்களில் ஐந்தாண்டு வயது வரைதான் எளிதாகக் கிடைக்கிறது, ஆகவே 2021 மாடல் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. விற்பவரின் நோ கிளைம் போனஸ் அவருடையது, காரோடு வராது. தெரிவிக்கப்படாத மாற்றங்கள் காரில் இருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ பந்தயத் தடத்தில் ஓட்டி ஏற்படும் சேதம் சாதாரண பாலிசியில் அடங்காது, புதிய காரின் உத்தரவாதமும் அங்கே கை கொடுக்காது.

பணம் கொடுக்கும் கட்டத்தில் அவசரப்படுபவர்கள் பெரும்பாலும் கடன் பாக்கியுள்ள காரில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்சி-யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததைப் பதிவு செய்வதற்கான படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கையில் வரும் வரை பெரும்பகுதித் தொகையைக் கொடுக்க வேண்டாம். பாக்கியை நேரடியாக வங்கிக்கே செலுத்துவது இன்னும் பாதுகாப்பானது. நிலுவை அபராதங்களை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிட்டு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவியை வாங்குங்கள். கார் கைமாறிய பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். அது மாறும் வரை சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்று எண்ணி அந்தக் காரைச் சாலையில் விரட்டாதீர்கள்.