கர்ப்பகால உடற்பயிற்சி: ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள்

கர்ப்பம் உறுதியானதுமே வீட்டில் உத்தரவு வந்துவிடும்: மாடிப்படி ஏறாதே, குனியாதே, பேசாமல் படுத்து ரெஸ்ட் எடு. வளைகாப்பு முடிந்து ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அதே ஆட்களே "குந்தி உட்கார்ந்து வீடு துடை, தினமும் அம்பது தடவை உட்கார்ந்து எழு, அப்பதான் சுகப்பிரசவம் ஆகும்" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டுமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஏழெட்டு மாதம் அசையாமல் வைத்திருந்த உடம்பை, வயிறு ரொம்பப் பெரிதாகி, மூட்டு தளர்ந்து, நின்றாலே மூச்சு வாங்கும் நேரத்தில் திடீரென்று போட்டு வருத்துவதுதான் கர்ப்பகால உடற்பயிற்சியில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது என்பேன்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான உடற்பயிற்சியால் கரு கலையாது, குறைப்பிரசவமும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு தடை இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதாவது வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் கொஞ்சம் வேகமான நடை. இதுவரை பழக்கமே இல்லாதவர் எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் நடக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் தொடங்கி, மெதுவாகக் கூட்டிக்கொண்டு வரலாம்.

முதல் மூன்று மாதம் அசையவே கூடாது என்ற பயம்தான் இதற்கு முட்டுக்கட்டை. ஆரம்ப மாதங்களில் நடக்கும் கருச்சிதைவுகளில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் வருபவை, நீங்கள் நடந்ததாலோ குனிந்ததாலோ அல்ல. காரணமில்லாமல் படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், மலச்சிக்கல் கூடும், காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் ஏறும், கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. மசக்கை படுத்தினால் காலையில் விட்டுவிட்டு, குமட்டல் அடங்கிய சாயங்காலத்தில் பத்து நிமிடம் நடங்கள், அது போதும்.

ஆனால் ஒரு சிலருக்கு உடற்பயிற்சியே கூடாது, அது யாருக்கு என்று தெரிந்துகொள்ளாமல் யூடியூபைப் பார்த்துத் தொடங்குவது அடுத்த தவறு. செக்கப்புக்குப் போகும்போது "எக்சர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், கூட்டத்துக்கு நடுவில் "வாக்கிங் போங்க" என்ற பதில்தான் வரும். அதைவிட ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: நஞ்சு (பிளசன்டா) கீழே இருக்கிறதா, கர்ப்பப்பை வாய் பலமாக இருக்கிறதா, என் பிரஷர் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு. ஏழாம் மாதத்தை நெருங்கியும் நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியபடியே இருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, ரத்தப்போக்கு தொடர்ந்து இருந்தாலோ, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றியிருந்தாலோ, இதய நோய் இருந்தாலோ மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. நம் ஊரில் பலரும் கவனிக்காமல் விடுவது ரத்தச்சோகையைத்தான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தச்சோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையானது. அந்த நிலையில் மூச்சு வாங்குவதை "ஸ்டாமினா இல்ல, போகப் போகச் சரியாயிடும்" என்று சமாளித்துக்கொண்டு நடக்கக் கூடாது, முதலில் ரத்தம் ஏற வைத்தியம் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வேகம் என்பதில் பழைய கணக்கு ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 1985-இல் சொன்ன வரம்பு அது, 1994-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். கர்ப்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு வழக்கத்தைவிடப் பத்து இருபது கூடுதலாக இருக்கும், அதனால் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே நடந்து பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியாது என்றால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் நடையைக் குறையுங்கள். (போனில் பேசுவது ஒரு பரிசோதனைக்கு மட்டும்தான், மேடு பள்ளமான தெருவில் போனைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டாம், வயிறு முன்னால் தள்ளும் மாதங்களில் கால் வைக்கும் இடமே கண்ணுக்குத் தெரியாது.)

அப்புறம் வீட்டு வேலை. "நாள் பூரா வேலை செய்யறேன், அதுவே எக்சர்சைஸ்தானே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சமையலறையில் மூன்று மணி நேரம் நின்றால் கால் வீங்கும், இடுப்பு வலிக்கும், ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடையில் கிடைக்கும் பலன் அதில் கிடைக்காது. முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்குவதோ, சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் குந்தியபடியே நகர்ந்து துடைப்பதோ பயிற்சி ஆகாது. வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு நேர் எதிரான பெண்களும் இருக்கிறார்கள், நாற்று நடுகிறவர், கட்டட வேலையில் சித்தாளாகச் சுமை தூக்குகிறவர், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவர். இவர்களிடம் போய் "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போம்மா" என்பது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது சுமை குறைந்த வேலையும், நடுநடுவே காலை நீட்டி உட்கார இடமும்தான்.

இருபது வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். கர்ப்பப்பையின் எடை, காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையை அழுத்தும், பிரஷர் இறங்கித் தலை சுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். யோகா வீடியோ கடைசியில் சவாசனம் என்று சொன்னால் நீங்கள் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே விருட்டென்று எழும்போது வயிற்றின் நடுவில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு தெரியும். வயிற்றுத் தசை நடுவில் விலகும்போது அப்படித்தான் பிதுங்கும். அதனால் முதலில் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். சிட்-அப், க்ரன்ச் எல்லாம் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யோகா என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். வேகவேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை உள்ளே அடக்கும் கும்பகம், குப்புறப் படுக்கும் தனுராசனம், புஜங்காசனம், தலைகீழ் நிலைகள், வயிற்றை முறுக்கும் ஆசனங்கள் எதுவும் இப்போது வேண்டாம். கர்ப்பிணிகளுக்குச் சொல்லித் தந்து பழகிய ஆசிரியரிடம் போங்கள். எடை தூக்கும் பழக்கம் உள்ளவர்கள் குறைந்த எடையில் தொடரலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்டும் தூக்காதீர்கள். விழ வாய்ப்புள்ள விளையாட்டுகளும், கடலுக்கடியில் காற்று சிலிண்டரோடு மூழ்குவதும் கூடவே கூடாது.

வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதங்களில் தாயின் உள்ளுடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போவது குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஆறு, ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள், முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே நடங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும். வெறும் வயிற்றிலும் போக வேண்டாம், ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரையை இறக்க நன்றாக உதவும், இன்சுலின் போடுகிறவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

யாரும் சொல்லித் தராத பயிற்சி ஒன்று உண்டு, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைக்கானது. இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இழுத்து, ஐந்து நொடி பிடித்து, முழுதாக விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. புட்டத்தையோ தொடையையோ இறுக்கினால் தவறான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். உண்மையாகவே சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. விடுவதும் பயிற்சியில் பாதி, பிரசவத்தில் அந்தத் தசை தளர வேண்டும்.

ஒன்பதாம் மாதத்தில் செய்யச் சொல்லும் வாத்து நடைக்கு, அதாவது குந்தியபடியே நடப்பதற்கு வருகிறேன். ஆரோக்கியமாக இருந்து, முன்பிருந்தே பழகியவர் சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு குந்தி எழுவதில் தவறில்லை. ஆனால் அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்க எலும்பு இணையும் இடத்தில் வலி இருந்தால் வாத்து நடையும், கால்களை அகட்டிச் செய்யும் பட்டாம்பூச்சிப் பயிற்சியும் வலியைக் கூட்டத்தான் செய்யும். அதை "பிரசவத்துக்கு எலும்பு விரியுது, நல்லதுதான்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், பிஸியோதெரபிஸ்டைப் பாருங்கள், அதுவரை உடை மாற்றுவதைக்கூட உட்கார்ந்தே செய்யுங்கள்.

எந்தப் பயிற்சியும் சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் தராது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்குப் பின்னால் குழந்தை இருக்கும் நிலை, பிரஷர், முந்தைய ஆபரேஷன், மருத்துவமனையின் வழக்கம் என்று எத்தனையோ காரணம் இருக்க, தையல் வலியோடு படுத்திருப்பவளிடம் "நீ குனிந்து நிமிர்ந்து வேலை செய்யல, அதான்" என்று சொல்வது கொடுமை. பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பயிற்சியின்போது ரத்தமோ தண்ணீரோ கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், நடக்கத் தொடங்கும் முன்பே மூச்சு வாங்கினால், தலைவலியோடு கண் மங்கினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தது போலத் தோன்றினாலும் அப்படித்தான், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி கிடைக்கவில்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.