வாலை மட்டும் பார்த்தால் போதாது: நாயின் உடல்மொழியில் நாம் செய்யும் தவறுகள்

"பயப்படாதீங்க, வாலை ஆட்டுது பாருங்க, ஒண்ணும் செய்யாது." நாய் வளர்க்கும் வீடுகளின் வாசலில் விருந்தாளிக்குத் தவறாமல் கிடைக்கும் உத்தரவாதம் இது. பல நேரம் பலிக்கும். பலிக்காத அன்று, "திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அதில் திடீர் எதுவும் இருக்காது. நாய் முன்கூட்டியே சொல்லியிருக்கும், பார்த்தவர்கள் வாலைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வால் ஆடினால் நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது என்று பொருள். அது மகிழ்ச்சியா, பதற்றமா, சண்டைக்கு முன்னோட்டமா என்பதை உயரம், வேகம், உடலின் இறுக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதுகு மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ அகலமாக வீசி, இடுப்பும் சேர்ந்து நெளிந்தால் நட்பு. வால் விறைத்து மேலே நிற்க, நுனி மட்டும் குறுகிய வீச்சில் துடித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பின்னங்கால்களுக்கு இடையே செருகி நுனியை ஆட்டுவது அச்சம். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைப் படம்பிடித்து அளந்தபோது, தன் உரிமையாளரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக வீசியது. அறிமுகமில்லாத, அடக்கியாளும் குணமுள்ள நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடியது. சுவையான கண்டுபிடிப்புதான், ஆனால் கேட்டருகே நின்றுகொண்டு வெறுங்கண்ணால் இதைக் கணிக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், எல்லா நாய்க்கும் ஒரே வால் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களின் மெல்லிய வால் இயல்பாகவே தாழ்ந்து தொங்கும். அதை அச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. பொமரேனியனின் வால் முதுகின்மேல் சுருண்டே கிடக்கும்; அது மிடுக்கு அல்ல. பக் நாயின் முகச்சுருக்கம் எப்போதும் கவலையாகவே தெரியும். உங்கள் நாய் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வால், காது, வாய், நெற்றி எல்லாம் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், மாறும்போது கண்ணில் படும்.

உறுமினால் அடிப்பது

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான். ஒரு நாய் சங்கடத்தைக் காட்டும் வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும்: பார்வையை விலக்கும், மூக்கை நக்கும், தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடும், தலையைத் திருப்பும், விலகிப் போகும், காதைப் பின்னுக்கு மடித்து உடலைத் தாழ்த்தும், அசையாமல் உறைந்து நிற்கும், உறுமும், பல்லைக் காட்டும், காற்றில் கடிக்கும், கடைசியில் கடிக்கும். எல்லா நாயும் எல்லாப் படியிலும் நிற்காது. ஆனால் உறுமும்போதெல்லாம் அடிவாங்கிய நாய், உறுமுவதை மட்டும் விட்டுவிடும். பயமோ வலியோ அப்படியே உள்ளே இருக்கும். "சத்தமே போடாமல் கடிக்கிற நாய்" பல வீடுகளில் இப்படித்தான் உருவாகிறது.

அடித்து அடக்கினால் நாய் பணியும் என்ற நம்பிக்கைக்கு எதிரான கணக்கும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009-இல் வெளியான ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேர் அதனாலேயே நாய் எதிர்த்துப் பாய்ந்தது என்றார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம்.

உறுமினால் செய்ய வேண்டியது: செய்துகொண்டிருந்ததை நிறுத்துங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல், உடலைப் பக்கவாட்டில் திருப்பி மெல்ல இரண்டடி பின்வாங்குங்கள். காரணத்தைப் பிறகு யோசிக்கலாம். சாப்பாட்டுத் தட்டருகே உறுமும் நாய்க்கு, "பழகட்டும்" என்று தட்டில் கைவிட்டுக் கிளறுவது அதன் சந்தேகத்தை உறுதிசெய்யும் வேலை. அதற்குப் பதில், அது சாப்பிடும்போது ஆறேழு அடி தள்ளி நடந்தபடி ஒரு கோழித்துண்டைத் தட்டருகே போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நீங்கள் வந்தால் நல்லது கூடுதலாக வரும் என்று அது புரிந்துகொண்டு, உடல் தளர்ந்து வாலை ஆட்ட ஆரம்பித்த பிறகு, ஓரிரு நாளுக்கு அரையடி என்ற கணக்கில் நெருங்கலாம். நெருங்கும்போது வேகவேகமாக விழுங்கினாலோ, வாயை மூடி உறைந்தாலோ அவசரப்பட்டுவிட்டீர்கள்; பழைய தூரத்துக்குப் போங்கள். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் இதை நீங்களாக முயலாமல் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மேலே சொன்ன வரிசையில் மிக எளிதாகத் தவறவிடப்படுவது அந்த உறைதல்தான். குழந்தை நாயைக் கட்டிப்பிடித்திருக்கும். நாய் சிலைபோல இருக்கும். "எவ்வளவு பொறுமை பாருங்க" என்று வீடியோ எடுப்பார்கள். அந்த வீடியோவிலேயே தலை ஒருபுறம் திரும்பி, கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும், வாய் இறுக மூடியிருக்கும். உடனே குழந்தையைக் கூப்பிட்டு எடுக்க வேண்டிய நேரம் அது. தடவலாமா என்று அறிய எளிய சோதனை உண்டு. தலைக்கு மேலே கையை நீட்டாமல் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். நாய் நெருங்கி வந்தால், கையை முட்டினால் தொடரலாம். அப்படியே நின்றாலோ உதட்டை நக்கினாலோ போதும் என்கிறது.

"தப்பு பண்ணிட்டு முழிக்குது பாரு" என்பதும் நம் கற்பனைதான். நாய்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களோடு செய்த சோதனையில், அந்தக் "குற்றவாளி முகம்" தின்பண்டத்தைத் தின்ற நாயிடமும் தின்னாத நாயிடமும் வந்தது. வரவழைத்தது உரிமையாளரின் திட்டு. மாலையில் வீடு திரும்பிக் கிழிந்த செருப்பைக் காட்டி அதட்டினால், நாய் கற்றுக்கொள்வது நீங்கள் வீட்டுக்கு வந்தால் பயப்பட வேண்டும் என்பதை.

மல்லாந்து படுப்பதும் எப்போதும் வயிற்றைத் தடவச் சொல்வதல்ல. வாய் திறந்து, உடல் நெளிந்து கிடந்தால் தடவலாம். வால் வயிற்றோடு ஒட்டி, கால்கள் விறைத்து, சில சமயம் சொட்டுச் சிறுநீரும் வந்தால் "என்னை விட்டுவிடு" என்று பொருள். குனியாமல் நகர்ந்து விடுங்கள். சிலிர்த்த பிடரி மயிர் கோபத்துக்கு மட்டும் சொந்தமில்லை. நமக்கு மயிர்க்கூச்செறிவது போல அது தானாக நடப்பது, விளையாட்டின் உற்சாகத்திலும் வரும்.

மூச்சிரைப்பில் நம் ஊர் வெயில் குழப்பும். சித்திரை மதியத்தில் நாக்கைத் தொங்கவிடுவது இயல்பு. நிழலில், மின்விசிறிக்குக் கீழே, ஓடாத நாய் உதட்டோரங்களைப் பின்னுக்கு இழுத்தபடி இரைத்தால் அது பதற்றமாக இருக்கலாம். மருத்துவரின் ஸ்டீல் மேசையில் ஈரமான பாதத்தடம் விழுவதும் அதே கதைதான், பயந்த நாயின் பாதங்கள் வியர்க்கும்.

தெருநாய் முன்னால்

ஓடுவதும் கல்லெடுக்கக் குனிவதும் இரண்டு பெரிய தவறுகள். ஓடினால் துரத்தும் இயல்பு தூண்டப்படும். நின்று, கைகளை உடலோடு ஒட்டி, பார்வையைத் தரைக்கு இறக்கி, நாய்க்கு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பைக்கில் துரத்தினால் முறுக்காமல் வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். குட்டி போட்ட தாய் குரைக்கும் இடத்தில் சமாதானப்படுத்த நிற்காதீர்கள், வேறு வழியாகப் போங்கள். பல் பட்டுவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள்.

வருடக்கணக்கில் சாதுவாக இருந்த வீட்டு நாய் தொட்டாலே உறுமத் தொடங்கினால் "குணம் மாறிடுச்சு" என்று முடிவுகட்டும் முன் காது, பல், இடுப்பு மூட்டு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் கை வைத்தபோது, எந்த நேரத்தில் உறுமியது என்று எழுதிக்கொண்டு போனால் அவர் வேலை எளிதாகும்.