புதுக் கோழியைப் பழைய கோழிகள் கொத்துகின்றனவா? இப்படிச் செய்து பாருங்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு சிறுவிடைக் கோழிகள் இருந்தன. போன சித்திரையில் இரண்டு புதுப் பெட்டைகளை வாங்கிவந்து, வந்த கையோடு உள்ளே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், ஒன்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தலையைச் சுவரோடு ஒட்டிவைத்து நின்றது. வாலடியில் இறகே இல்லை. ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. அந்தத் தப்பை நீங்களும் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோழிகளுக்குள் வரிசை உண்டு. எது முதலில் தின்பது, எது நல்ல இடத்தில் அடைவது என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான். நார்வே நாட்டு தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921-இல் இதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினார். ஒன்று கொத்த, மற்றது விலகிப்போக, அதோடு முடிந்தால் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். ரத்தம் வந்தாலோ, ஒரு கோழி தீனிக்கே வராமல் ஒதுங்கினாலோ அன்றைக்கே இறங்கிவிட வேண்டும்.

படி 1: காயம்பட்டதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் புண்ணைக் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். சிவப்பு தெரியக் கூடாது. ரத்தத்தைக் கண்டால் சாதுவான கோழிகூடச் சேர்ந்து கொத்தும்.

படி 2: கொத்துகிற கோழியையும் பிடித்துத் தனியே அடையுங்கள். பலரும் அடிபட்டதை மட்டும் பிரித்துவைத்து, ஆறியதும் திரும்ப விடுகிறார்கள். அது மறுபடி கடைசியிலிருந்துதான் தொடங்கும். அடாவடிக் கோழியை மூன்று நான்கு நாள் மற்றவற்றின் கண்ணில் படாமல் வைத்தால், அதற்குள் வரிசை மாறிவிடும். திரும்பி வரும்போது அதுதான் புதுசு. எங்கள் கறுப்புப் பெட்டை அப்படித்தான் அடங்கியது.

படி 3: காரணத்தைத் தேடுங்கள். கோழி ஒன்றுக்குக் கூண்டில் 4 சதுர அடி, வெளியில் 10 சதுர அடியாவது வேண்டும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் நிழல் ஒரே மூலையில் இருந்தால் சண்டை அங்கேதான் நடக்கும். இன்னொரு பக்கமும் கீற்று போடுங்கள். தீனித் தட்டு, தண்ணீர்ச் சட்டி இரண்டிரண்டாக, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி தள்ளித் தள்ளி வையுங்கள். வெறும் குருணையும் சோறும் போட்டால் புரதம் போதாமல் இறகைப் பிடுங்கும். கடலைப் புண்ணாக்கு, கிடைத்தால் கரையான் கொடுங்கள். அகத்திக்கீரைக் கட்டை அலகுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் கொத்துவதற்கு வேலை கிடைக்கும்.

அலகை மட்டும் நீங்களாக வெட்டாதீர்கள். அதற்குள் உயிருள்ள சதை இருக்கிறது.

படி 4: அடுத்த முறை புதுக் கோழி வாங்கினால் ஒற்றையாக வாங்காதீர்கள். மூன்று வாரம் முழுக்கத் தனியே வையுங்கள்; வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஒரு வாரம் நடுவில் கம்பிவலை மட்டும். பார்க்கட்டும், கொத்த முடியாது. அதன்பின் ஒரு நாள் இருட்டியதும், எல்லாம் அடைந்த பிறகு, தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து கூண்டருகே போய்விடுங்கள். கோழிகள் கீழே இறங்கும் முதல் அரைமணி நேரம்தான் கொத்து அதிகம். தீனியை நாலு இடத்தில் இறைத்துவிட்டு அங்கேயே இருங்கள்.