டாஷ்போர்டு எண்ணை நம்புவதற்கு முன்: சாதனப் பட்டியலில் ரிப்போர்ட் எடுக்கும் முறை

அலுவலகக் கணினிகளின் கணக்கை வைத்திருக்கும் மென்பொருள் சர்வரில் ஓடுகிறது, கணினிகளில் ஏஜென்ட் (உள்ளிருக்கும் விவரங்களைத் திரட்டி சர்வருக்கு அனுப்பும் சிறு நிரல்) போட்டாகிவிட்டது, பட்டியலும் நிரம்பத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான் பயன்படுத்துவது ஜிஎல்பிஐ (GLPI). ஸ்னைப்-ஐடியும் (Snipe-IT) நல்லதுதான், ஆனால் அது எந்தச் சாதனம் யார் கையில் இருக்கிறது என்ற கணக்குக்கு. கணினிக்குள் இருப்பதைத் துழாவி எடுக்க அதற்குச் சொந்த ஏஜென்ட் கிடையாது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: இன்னும் விண்டோஸ் 10-இல் ஓடும் கணினிகள் எவை? 14 அக்டோபர் 2025-ஓடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் எல்லா மேலாளர்களும் கேட்கும் கேள்வி இது.

1. பட்டியலிலிருந்து தொடங்குங்கள். எண்களையும் வரைபடங்களையும் ஒன்றாகக் காட்டும் டாஷ்போர்டின் பக்கமே இப்போது போக வேண்டாம். கம்ப்யூட்டர் பட்டியலைத் திறந்து, இயங்குதளத்தின் பெயரில் 'விண்டோஸ் 10' இருப்பவற்றை வடிகட்டுங்கள். பெயரை விட்டுவிட்டு வெர்ஷனில் '10.0' என்று தேடினால் விண்டோஸ் 11-உம் சேர்ந்து வந்துவிடும், ஏனென்றால் உள்ளுக்குள் அதன் எண்ணும் 10.0-தான். பில்டு எண்ணை (10.0-க்கு அடுத்து வருவது) பார்த்தால் குழப்பம் தீரும்: 22000-இலிருந்து மேலே எல்லாம் 11. 19045 என்றிருந்தால் அது 10.

2. கடைசி இன்வென்டரி தேதி, அதாவது ஏஜென்ட் கடைசியாக விவரம் அனுப்பிய நாள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஏஜென்ட் கடைசியாகச் சொன்னதைத்தான் மென்பொருள் காட்டும். அலமாரியில் தூங்கும் லேப்டாப்பும் பட்டியலில் இருக்கும். மேம்படுத்திய பிறகு ஏஜென்ட் நின்றுபோன கணினியும் '10' என்றே நிற்கும். அதனால் இரண்டாவது நிபந்தனையாகக் கடைசி இன்வென்டரி தேதியைச் சேர்த்து, கடந்த 30 நாளுக்குள் வந்தவை, அதற்கும் பழையவை என்று இரண்டாகப் பிரியுங்கள். 7 நாள் என்று வைத்தால் விடுப்பில் போனவர்களின் கணினியெல்லாம் காணாமல் போனதாகத் தெரியும்.

பழையவற்றைத் தேதிப்படி அடுக்கி, சீரியல் எண் நெடுவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே சீரியல் இரண்டு வரியில் வந்தால், பெரும்பாலும் அது ஃபார்மட் செய்து வேறு பெயர் வைத்த கணினி. அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் சீரியல் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்றே இருக்கும். அதை நம்பி எதையும் நீக்காதீர்கள், மதர்போர்டையோ மேக் முகவரியையோ (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரின் மேக் மட்டும் வேண்டாம், அது இன்றைக்கு ஒருவரிடம், நாளைக்கு இன்னொருவரிடம்.

3. தேடலைச் சேமியுங்கள். நட்சத்திரக் குறியை அழுத்தினால் போதும். '30 நாளாகக் காணவில்லை' மாதிரி, பார்த்ததும் புரியும் பெயராக வையுங்கள்.

4. இப்போது டாஷ்போர்டு. திருத்தும் நிலைக்கு மாற்றி, காலிக் கட்டத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, தரவையும் வரைபட வகையையும் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. இயங்குதளங்களுக்குப் பட்டை வரைபடம், மொத்தக் கணினிகளுக்குப் பெரிய எண், அவ்வளவு போதும். தயாரிப்பாளர் வாரியான வட்ட வரைபடம் பார்க்க அழகுதான், ஆனால் அதைப் பார்த்து யாரும் ஒரு வேலையும் செய்வதில்லை. எண்ணைச் சொடுக்கினால் அதற்குப் பின்னால் உள்ள பட்டியல் திறக்கும். மேலாளருக்கு அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

5. சிஎஸ்வி, அதாவது பட்டியலை வெளியே எடுக்கும்போது கிடைக்கும் எளிய அட்டவணைக் கோப்பு. அதை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். சீரியலின் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் பறிபோகும், மொபைல்களின் 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண் 3.5E+14 என்று சுருங்கும், தமிழ்ப் பெயர்கள் சில சமயம் கிறுக்கலாகத் தெரியும். டேட்டா மெனு வழியாக இறக்கி, எழுத்துக் குறியாக்கமாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். எனக்கு லிப்ரே ஆபிஸ்தான் பிடிக்கும். திறக்கும்போதே இதையெல்லாம் கேட்டுவிடும்.

பின்சேர்க்கை: "எனக்கு ஒரு எண், சக ஊழியருக்கு வேறு எண்" என்று சிலர் எழுதியிருந்தார்கள். திரையின் மேலே உள்ள என்டிட்டி (கிளை, துறை போன்ற பிரிவு) தேர்வைப் பாருங்கள். துணை என்டிட்டிகள் ஒருவருக்குச் சேர்ந்தும் மற்றவருக்குச் சேராமலும் இருந்தால் எண்கள் ஒத்துப்போகாது. இருவரும் ஒரே என்டிட்டியில் நின்றும் வித்தியாசம் வந்தால், அடுத்து பார்க்க வேண்டியது புரொஃபைல் அனுமதிகளை, அதாவது யார் எதைப் பார்க்கலாம் என்ற அமைப்பை.