மதுரையில் ஃபிளாட் வாங்க அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஐயர் பங்களா பக்கம் அக்கா வாங்கிய ஃபிளாட்டில், இரண்டாவது மழைக்கே பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. "கொத்தனாரை அனுப்புகிறோம்" என்றே பில்டர் தரப்பில் நான்கு மாதம் ஓட்டினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல், வீடுகளும் எட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். பதிவாகாமல் விளம்பரம் செய்வதோ புக்கிங் வாங்குவதோ கூடாது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது பணம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அக்ரிமெண்டைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016 ரெரா சட்டம் சொல்கிறது. 50 லட்ச ரூபாய் வீடென்றால் 5 லட்சம்தான். "ஆடிக்குள் கொடுத்தால் விலை குறைப்போம்" என்று அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்.

அப்புறம், அப்ரூவல் ஆன வரைபட நகலை வாங்கி, டேப்போடு இடத்துக்குப் போங்கள். மாடி எண்ணிக்கை, பக்கத்துச் சுவரிலிருந்து விட்ட இடைவெளி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் அதன்படி இருக்கிறதா? மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு உண்டு. அங்கே கூடுதல் மாடி என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் கணக்கையும் நம்பாதீர்கள். வெளிச்சுவர், பால்கனி சேராத கார்ப்பெட் ஏரியாவை அக்ரிமெண்டில் எழுதச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். சாவி வாங்கும்போது பணி நிறைவுச் சான்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

குடியேறிய பிறகு ஓதமோ விரிசலோ வந்தால் போனில் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தேதியோடு போட்டோ எடுத்து, ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அக்காவுக்கு ஆள் வந்தது அந்தக் கடிதம் போன பிறகுதான்.

அதற்கும் அசையவில்லை என்றால் ரெராவில் புகார் கொடுக்கலாம். ரெராவுக்குள் வராத சின்னக் கட்டடம் என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள்.